ஊற்றின் நலம் உரைக்கும் சிற்றுயிர்

ஊற்று நீர் தெளிந்திருப்பின் அது தூயது என்று கருதுவது நம் இயல்பு. தெளிந்த நீரிலும் நஞ்சு கரைந்திருக்கக் கூடும். அதனை முதற்கண் உணரும் உயிர்களுள் தவளை, தேரை, சாலமாண்டர் முதலிய இருவாழ்விகளை உயிரியலார் சிறப்பித்துக் கூறுவர். காரணம் அவற்றின் தோல். செதிலோ இறகோ மயிரோ இன்றி, ஈரமுற்ற அம்மெல்லிய தோலின் வழியே நீரும் உயிர்வளியும் உட்செல்கின்றன. நீரில் கரைந்த நஞ்சும் அவ்வழியே உட்செல்லும். அவற்றின் முட்டைக்கும் காப்பான ஓடு இல்லை.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் இப்பாடத்தைத் தவளையை அறுத்துக் காட்டியே கற்பித்தனர். பின்வரிசையில் முகம் திருப்பி நின்றோம். உயிரோடு நீரில் இருக்கையில் அது இன்னும் மிகுதியாகக் கற்பிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரம் சான்று.

அங்குள்ள பார்ட்டன் ஊற்றுகள் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளினூடே வெளிப்படுவன. ஆண்டு முழுதும் நீரின் வெப்பம் ஏறத்தாழ 20 அல்லது 21 செல்சியஸ் பாகை. இந்நீரில் வாழும் பார்ட்டன் ஊற்றுச் சாலமாண்டர் 1993இல் அறிவியற்பெயர் பெற்றது. நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். நுரையீரல் இல்லை. வளர்ந்த பின்னும் கரையேறாது. செவுளாலும் தோலாலுமே வாழ்நாள் முழுதும் மூச்சு விடும். இருவாழ்வி என்னும் பெயர் இதற்குச் சற்றும் பொருந்தவில்லை!

பெரிய ஊற்றின் நீரைத் தேக்கி நீச்சற்குளம் ஆக்கியுள்ளனர். பாசியைப் போக்கக் குளோரின் இட்டுக் கழுவுவது முன்பு வழக்கம். 1992இல் அவ்வாறு இட்டபோது மீன்கள் மடிந்தன. பின்னர்க் குளோரின் கைவிடப்பட்டது. தூய்மை செய்வதாக எண்ணிய செயலே கொலையாயிற்று. நீரை வடிகட்டிப் பருகி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பிக்கும் நம் இல்லத்து மூதாட்டியர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது.

1997இல் நடுவண் அரசு இச்சாலமாண்டரை அழியும் நிலையிலுள்ள உயிராக அறிவித்தது. அதன் பின்னரே மற்றொரு தீங்கு தெளிவாயிற்று. வாகனம் நிறுத்தும் தளங்களில் பூசிய நிலக்கரித் தார்ப் பூச்சு தேய்ந்து, மழைநீரோடு ஓடி, ஓடைப் படுகைகளில் தங்குவதை ஆய்வாளர் கண்டனர். அப்பகுதியில் ஓடை நீர் பாறைத் துளைகளின் வழியே நேரே இறங்குகிறது. மண் அதனை வடிகட்டுவதில்லை. சில நாட்களிலேயே அது ஊற்றை அடையக் கூடும். 2005இல் நகராட்சி அப்பூச்சுக்குத் தடை விதித்தது. அந்நாட்டில் இவ்வாறு தடை செய்த முதல் நகரம் அதுவே. சாலமாண்டர் வாழும் அதே நிலத்தடி நீரைக் கிணறுகளின் வழியே பல்லாயிரம் மக்களும் பருகுகின்றனர் என்பதையும் இங்கு எண்ணுக.

எனினும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது. ஓராண்டு எண்ணிக்கை குறைந்ததும் நஞ்சு கலந்தது என முடிவு கட்டுவது பிழை. மழை பொய்த்தால் ஊற்றோட்டம் தளரும். நீரில் உயிர்வளி குறையும். சாலமாண்டரும் கண்ணுக்குப் புலனாகாமல் பாறையினுள் ஒதுங்கக் கூடும். ஆதலால் ஊற்றின் ஓட்டத்தையும் உயிர்வளியின் அளவையும் அறியாமல், நீரில் மூழ்கிக் கற்களிடையே எண்ணிய எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஊற்றின் நலத்தைக் கணித்தல் இயலாது.