ஓடும் பிள்ளை உள்ள வீட்டுக்கு: தடிமனுக்கும் கெண்டைப் பிடிப்புக்கும் கைக்குறிப்புகள்

தலவாக்கலை வேலு கிருஷாந்தினி, ஹட்டன் குமார் சண்முகேஸ்வரன் போன்ற நம்ம மலையகத்துப் பிள்ளைகள் நெடுந்தூர ஓட்டத்தில் பேர் எடுத்ததைப் பார்த்து, ஓட ஆசைப்படும் பிள்ளைகள் தோட்டங்களில் நிறைய. 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதல் தடவையாக அயன்மேன் 70.3 நடந்தது. 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் ட்ரயத்லன் அது. தோட்டத்து விளையாட்டு விழாவோ கொழும்புப் போட்டியோ, நாள் நெருங்கும்போதுதான் தடிமன் பிடிக்கும், பாதி வழியில்தான் கால் இழுக்கும். காசைக் கொட்டாமல் சமாளிக்க இதோ சில வழிகள்.

1. உடம்பு சரியில்லாத பிள்ளையை அனுப்பலாமா என்று குழம்பினால் கழுத்தை எல்லையாக வையுங்கள். கழுத்துக்கு மேலே மூக்கொழுகல், தும்மல், இலேசான தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் பத்து நிமிஷம் மெதுவாக ஓடிப் பார்க்கட்டும். உடம்பு கேட்டால் தொடரலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு உளைச்சல், வயிற்றோட்டம் ஏதாவது இருந்தால் போட்டி வேண்டவே வேண்டாம். வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் இதயத் தசையே வீங்கிவிடும் ஆபத்து உண்டு, கட்டிய நுழைவுக் காசு போனால் போகட்டும்.

2. பெனடோல் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு ஓட விடாதீர்கள். சூடு இறங்கினாலும் நோய் உள்ளேதான் இருக்கும்.

3. காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷ நாடித் துடிப்பை எண்ணி, கலண்டர் ஓரத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். செலவே இல்லை; தடிமன் வெளியே தெரியுமுன்னே பல தடவை இது காட்டிக்கொடுத்துவிடும்.

4. இரவே கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டால், விடியற்காலையில் அடுப்பு மூட்டும் வேலை மிச்சம். தடிமனை அது ஓட்டிவிடாது, ஆனால் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

5. கெண்டை இழுத்தால் உடனே அமுக்கிப் பிசையாமல் நீட்டிவிடுங்கள். உட்கார்ந்து முழங்காலை மடக்காமல், பாதத்தில் ஒரு துவாயைச் சுற்றி முழங்கால் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடி விடும்வரை அப்படியே இருக்கட்டும், வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். இதைவிட வேகமான மருந்து எந்தப் பாமசியிலும் இல்லை.

6. பிடிப்பு வந்தாலே தண்ணியும் உப்பும் குறைந்துபோச்சு என்றுதான் எல்லோரும் சொல்வோம். 210 அயன்மேன் வீரர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது: பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீரிழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வேகமாகப் போனவர்களுக்கும், முன்பே பிடிப்பு வந்த பழக்கம் உள்ளவர்களுக்கும்தான் கூடுதலாக வந்திருக்கிறது. ஆகவே விலை கூடிய கலர்த் தண்ணிக்குக் காசைக் கொடுப்பதைவிட, பழகிய வேகத்தில் போட்டியைத் தொடங்கச் சொல்லிக் கொடுங்கள். முக்கியமாக, தடிமனிலிருந்து இப்போதுதான் தேறிய பிள்ளை முதல் பாதியில் தன் வழக்கத்தைவிட மெதுவாகவே போகட்டும்.

7. அச்சாறு முடிந்ததும் போத்தலில் மிஞ்சும் வினாகிரித் தண்ணியைக் கொட்டாமல் வடித்து வையுங்கள். 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணி குடித்தவர்களுக்கு, வெறும் தண்ணி குடித்தவர்களைவிடச் சீக்கிரம் பிடிப்பு விட்டிருக்கிறது. உப்பு இரத்தத்தில் சேரக்கூட அவகாசம் இல்லாத வேகம் அது. புளிப்பும் காரமும் தொண்டையில் பட்டதும் நரம்பு அடங்குகிறது என்று நினைக்கிறார்கள். இரண்டு மிடறு போதும், அதையும் பயிற்சி நாளில் ஒருமுறை குடித்துப் பார்த்துவிட வேண்டும்.

8. வியர்வையும் வயிற்றோட்டமும் தண்ணியை வாங்கிவிட்டால் ஜீவனி ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணியில் கரையுங்கள். கையில் இல்லையென்றால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணிக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கண் அளவில் போடாதீர்கள், கூடினால் கெடுதல்.

9. தாகத்துக்குக் குடிக்கட்டும், பயத்துக்குக் குடிக்க வேண்டாம். வெறும் தண்ணியையே வயிறு முட்டக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலி, வாந்தி, மயக்கம் வரை கொண்டுபோகும்.

10. போட்டிக் காலையில் காரச் சம்பல் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் பாண், வாழைப்பழம், சீனி போட்ட வெறும் தேத்தண்ணி போதும். வாழைப்பழம் ஓடத் தெம்பு கொடுக்கும். வந்த பிடிப்பை அந்த நேரத்தில் நிறுத்தும் என்று நம்பியிருக்காதீர்கள்.

11. நீந்தும்போது கால் இழுத்தால் மல்லாந்து மிதந்தபடியே கால் விரல்களைப் பிடித்து இழுக்கப் பழக்குங்கள். நம்ம ஊர் நீர்த்தேக்கங்களில் தண்ணி குளிர். பிடிப்பும் சட்டென்று வரும். தனியாக இறங்கவே விடாதீர்கள்.

12. நுவரெலியாவிலிருந்து சைக்கிளில் இறங்கும் பிள்ளையின் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் பழைய பேப்பரை மடித்து வையுங்கள், குளிர்காற்றை மறிக்கும். கீழே வந்ததும் எடுத்துவிடலாம். காற்றுச் சட்டை வாங்கும் காசு மிச்சம்!

13. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் பழகிய உடம்பைக் கொழும்பு வெயில் சீக்கிரம் சாய்த்துவிடும். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து நாளாவது வேண்டும். சொந்தக்காரர் வீடு இருந்தால் முன்கூட்டியே அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கூடப் போகிறவர் முடிவுக்கோட்டில் நிற்காமல் கடைசிச் சில கிலோமீற்றரில் நிற்பது நல்லது: 2016-இல் மெக்சிக்கோவின் கொசுமெல் ட்ரயத்லனில் முன்னணியில் வந்த ஜொனதன் பிரவுன்லி வெக்கையில் தள்ளாட, அண்ணன் அலிஸ்டர் தாங்கிக்கொண்டு போனது அந்தக் கடைசித் தூரத்தில்தான். பிள்ளை தள்ளாடினாலோ பேச்சுக் குழறினாலோ நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி, 1990-க்கு அடியுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ் இலவசம்.

14. பிடிப்பு வராமலிருக்க முன்கூட்டியே வலி மாத்திரை போடும் பழக்கத்தை வீட்டுக்குள் விடாதீர்கள். டைக்குளோபெனக், ஐபுபுரோபென் போன்றவை, தண்ணி வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும்.

15. ஆறு குளத்தில் நீந்தி வந்த பிறகு காய்ச்சலும் தாங்க முடியாத கெண்டை வலியும் சேர்ந்து வந்தால் அதைப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; 1998-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் ட்ரயத்லன் நீந்தியவர்களுக்கே அது பரவியது. சிறுநீர் வெறும் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொழும்பிலிருந்து திரும்பிக் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினையுங்கள், அளவான பெனடோலைத் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கக்கூடாது.

16. மலை ஏறிக் கொழுந்து எடுத்த அம்மாவுக்கும் நடுச்சாமத்தில் கால் சுண்டும். படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் ஒவ்வொரு காலையும் அரை நிமிஷம் பின்னால் நீட்டி நிற்கட்டும். பிள்ளையும் அம்மாவும் சேர்ந்தே செய்யலாம்.

17. நனைந்த சப்பாத்தை அடுப்போரம் காயவைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும். உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து, இரவில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூடுபனிக் காலத்திலும் காலைக்குள் நன்றாக ஈரம் வாங்கிவிடும், சப்பாத்தும் இன்னொரு வருஷம் உழைக்கும்.