லேசிக் செய்த கண்ணோடு பொன்முடிக்கு

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 55 கி.மீ.; கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். லேசிக் என்ற லேசர் கண் அறுவை செய்து, கண்ணாடியைக் கழற்றிய கையோடு பொன்முடி மலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. உறுத்தல் இல்லையே என்று சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். லேசிக்கில் கருவிழியின் மேற்பரப்பை மெல்லிய மூடிபோல் வெட்டித் திறக்கும்போது நரம்பிழைகளும் அறுபடுகின்றன. அதனால் கண் காய்ந்தாலும் நமக்கு முழுசாக உறைக்காது. இமைப்பதும் கண்ணீரும் குறையும். உணர்ச்சி திரும்ப ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். மருத்துவர் சொன்ன நேரங்களுக்குக் கைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள்.

2. செயற்கைக் கண்ணீரை நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விடுகிறவர்கள், ஒரே தடவையில் தீர்ந்துபோகும் குட்டிக் குப்பிகளாகக் கேட்டு வாங்கவும். பாட்டில் மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் கருவிழியின் மேல்தோல் புண்ணாகும். விலை கூடுதல்தான், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். குப்பி முனை இமையில் படாமல் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள்.

3. பொன்முடியின் மூடுபனி கண்ணுக்கு இதம். கெடுப்பது காற்று. பைக்கில் போனால் பக்கவாட்டும் மறைக்கிற கண்ணாடி அவசியம். காரில் ஏசி காற்றைக் காலுக்குத் திருப்பிவிடுங்கள்.

4. கல்லாற்றில் காலை நனைக்கலாம். முங்கிக் குளிப்பது, மருத்துவர் அனுமதித்த பிறகு.

5. கேரளத்து ஆயுர்வேதக் கடைகளில் இளநீர்க் குழம்பு என்றொரு கண்மருந்து உண்டு. எரிய எரியக் கண்ணீரை வரவழைக்கும். அறுவை செய்த கண்ணுக்கு அந்தச் சோதனை வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், ரோஸ் வாட்டர் எதுவும் கூடாது, பாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும்.

6. கண்ணைக் கசக்காதீர்கள். பலத்த அடி பட்டால் வெட்டித் திறந்த மூடி ஆண்டுகள் கழிந்தும் நகர்ந்ததுண்டு.

7. முதல் சில மாதங்கள் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். பனியில் எதிர்வண்டி வெளிச்சமும் சேர்ந்தால் தடுமாற்றம்தான். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.

8. இனிமேல்தான் செய்துகொள்ளப் போகிறீர்களா? முதலில் ஷிர்மர் பரிசோதனையைக் கேளுங்கள். கீழிமையில் காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிடம்; 5 மி.மீ.கூட நனையாவிட்டால் கண் ஏற்கெனவே வறண்டது என்று பொருள். மூடி வெட்டாத ஸ்மைல் முறையில் அறுபடும் நரம்புகள் குறைவு. (சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில், லேசிக்கில் பயன்படும் எக்ஸைமர் லேசரைச் சோதித்தது, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில். அதற்குக் கண் வறட்சி பற்றிய கவலை இல்லை.)

9. திடீரென வலி, பார்வை மங்கல், பீளை, வெளிச்சம் பார்க்கக் கூச்சம் வந்தால் பயணத்தை முறித்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். திருவனந்தபுரத்தில் அரசின் மண்டலக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. அறுவைச் சீட்டின் படம் கைபேசியில் இருக்கட்டும்.