செட்டில்மெண்டுக்குப் பிறகு சிபில் ஸ்கோரை மீட்க

செல்லூர்த் தறிக்காரரோ, கீழமாசி வீதிக் கடைக்காரரோ, தொழில் நொடித்து வங்கிக் கடனை 'செட்டில்மெண்ட்' பேசி முடித்தவர் அடுத்த கடனுக்குப் போனால் சிபில் ஸ்கோர் குறுக்கே நிற்கும். 300 முதல் 900 வரையிலான அந்த எண்ணை மறுபடி உயர்த்த:

1. முதலில் சிபில் இணையதளத்தில் உங்கள் அறிக்கையை எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம்.

2. பழைய கடன் 'செட்டில்டு' என்றிருக்கிறதா, 'குளோஸ்டு' என்றிருக்கிறதா பாருங்கள். 'செட்டில்டு' என்றால் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது என்று பொருள். அடுத்துக் கடன் தருபவர் தயங்குவது அதைப் பார்த்துத்தான். கையில் பணம் சேர்ந்ததும் மீதியைக் கட்ட முன்வாருங்கள். பதிவை மாற்றித் தருவதாக வங்கியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். நிலுவையில்லாச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

3. அறிக்கையில் தவறு இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு; இது ரிசர்வ் வங்கி விதி.

4. இரண்டு ஆண்டுக்கு மேல் முடங்கிய சேமிப்புக் கணக்கைக் கேஒய்சி ஆவணங்கள் கொடுத்து உயிர்ப்பியுங்கள், கட்டணம் கிடையாது. இதனால் ஸ்கோர் ஏறாது, ஆனால் தவணை கட்டக் கணக்கு வேண்டும்.

5. வைப்புத்தொகையின் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். வரம்பு 10,000 ரூபாய் என்றால் செலவை 3,000-க்குள் நிறுத்தி, முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுங்கள். ஸ்கோரை ஏற்றுவது இந்த ஒழுங்குதான்.

6. நகைக்கடனிலும் கெடு தவறாதீர்கள், அதுவும் பதிவாகும்.

ஒரே மாதத்தில் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று வரும் புரோக்கருக்குப் பணம் தராதீர்கள். உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது.