கொலோன் நகரும் நெய்வேலி மண்ணும்

பயணம் கண்ணுக்குக் காட்சி தருகிறது. படிப்பு அக்காட்சிக்குப் பொருள் தருகிறது. இவ்விரண்டும் கூடும்போதே ஒரு நகரின் பண்பாடு நமக்குப் புலனாகும். 2019ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், உறவினர் ஒருவரின் அழைப்பை ஏற்று ஜெர்மனியின் கொலோன் நகரில் பத்து நாள் தங்கியிருந்தேன். அப்பயணத்தின் இனிய நினைவுகளையும், முன்னும் பின்னும் அந்நகரைப் பற்றிப் படித்தறிந்தவற்றையும் மாணவர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரில் ஒரு வரலாறு

சிறுவயதில் நெய்வேலி நகரியத்தில் காய்ச்சல் கண்டு படுத்தால், அம்மா ஓடிகொலோன் நனைத்த கைக்குட்டையை நெற்றியில் இடுவார். 'கொலோன் நகரின் நீர்' என்பதே அச்சொல்லின் பொருள் எனப் பின்னரே அறிந்தேன். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஃபரீனா குடும்பத்தார் 1709இல் அங்குத் தொடங்கிய வணிகம் அந்நறுமண நீரை உலகறியச் செய்தது. நகரின் பெயரும் குடியேற்றத்தால் வந்ததே. ரைன் ஆற்றங்கரை ஊரான அதற்குக் கி.பி. 50இல் உரோமப் பேரரசு 'கொலோனியா', அதாவது குடியேற்ற நகர், என்னும் தகுதியை வழங்கியது.

பேராலயமும் பள்ளிவாசலும்

தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளிவந்ததும் எதிரே நிற்பது பேராலயம். 1248இல் தொடங்கிய கட்டுமானப் பணி 16ஆம் நூற்றாண்டில் நின்றது. 1842இல் மீண்டும் தொடங்கி 1880இல் நிறைவெய்தியது. கோபுரங்களின் உயரம் 157 மீட்டர். படிக்காமல் பார்த்திருந்தால் உயரத்தை மட்டுமே வியந்திருப்பேன். படித்திருந்ததால், முடிவைத் தாம் காணமாட்டோம் என்றறிந்தும் கல் அடுக்கிய கைகளை எண்ணிப் பார்த்தேன்.

வெள்ளியன்று ஏரன்ஃபெல்ட் பகுதியில் 2018இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதேன். அதனை வடிவமைத்த பவுல் போம், தேவாலயங்கள் பலவற்றைக் கட்டிய கலைஞர் மரபில் வந்தவர் என்பது சுட்டத்தக்கது. அருகில் தொழுத பெரியவர் ஒருவர், ஒருவர் மொழியை மற்றவர் அறியாத நிலையிலும், என் இரு கைகளையும் பற்றி முஸாஃபஹா செய்தார்.

அங்கும் பழுப்பு நிலக்கரி

நெய்வேலியில் 1957இல் சுரங்கப் பணி தொடங்கி, 1961இல் நிலக்கரி வெளிப்பட்டு, 1962இல் மின்சாரம் பிறந்தது. சுரங்கத்தில் பணியாற்றிய என் அத்தா, வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரத்தால் மண்ணை அகழும் இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது என்பார். கொலோனுக்கு மேற்கே ஹம்பாக் சுரங்கத்தின் விளிம்பில் நின்று அத்தகைய இயந்திரத்தைக் கண்டபோது அவர் நினைவு மேலிட்டது.

அவ்வட்டாரத்தின் மற்றொரு சுரங்கத்திற்காக இம்மராத் என்னும் சிற்றூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அதன் இரட்டைக் கோபுரத் தேவாலயம் 2018 ஜனவரியில் இடிக்கப்பட்டது. ஊர் திரும்பிய பின்னரே இதனைப் படித்தேன். படித்தபோது என்னுள் ஒரு வினா எழுந்தது. கொலோன் பேராலயத்தின் ஆண்டுகளை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, சிறுவயதில் நான் விளையாடிய தெரு எழுவதற்கு முன் அந்நிலத்தில் இருந்த ஊரின் பெயர் தெரியவில்லை!

நிறைவாக

கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழாய்வு நிறுவனத்தார், தமிழ்ப் பேரகராதியைக் கணினியில் ஏற்றி இணையத்தில் தேடத்தக்கதாக ஆக்கினர். நம் சொற்களைக் கடல் கடந்தோர் காத்தனர். நம் மண்ணுக்கும் மின்சாரத்துக்கும் இடங்கொடுத்துப் பெயர்ந்த ஊர்களின் சொற்களைக் காப்பவர் யார்?

1957இல் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார். மாணவச் செல்வங்களே, இவ்விடுமுறையில் அத்தகைய பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் விட்டுவந்த ஊரின் வயல், ஏரி, கோயில், தர்கா ஆகியவற்றின் பெயர்களையும், அங்குப் பாடிய தாலாட்டையும் கேட்டு எழுதி வாருங்கள். ஐரோப்பிய நகரம் எனக்குக் கற்றுத்தந்த பாடம் இதுவே. நானும் அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கிவிட்டேன்.