பெட்டி இரண்டு, டயல் செய்வது எது?

கேள்வி: பல்லடத்துக்குத் தெற்கே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். உள்ளூர் கேபிள்காரர் ஃபைபர் நெட் இழுத்துக் கொடுத்தார். அவர் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியின் வைஃபை திண்ணையைத் தாண்ட மாட்டேங்குது. பெங்களூரில் இருக்கிற மகன் நல்ல ரவுட்டராக ஒன்று வாங்கி அனுப்பினான். அதை மாட்டினால் போனில் வைஃபை முழுசாகக் காட்டுது, ஆனால் ‘இன்டர்நெட் இல்லை’ என்று கீழே வருது. கேபிள்காரரைக் கேட்டால், “நாங்க கொடுத்த பெட்டிதானுங்க ஓடும்” என்கிறார். ரீசெட் பட்டனை அழுத்திப் பாருங்க என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன் சொல்றான். அழுத்தலாமுங்களா? கொட்டகை 80 மீட்டர் தள்ளி இருக்கு. அங்கே கேமராவுக்கும் நெட் வேணும்.
— வாசகி, பல்லடம் வட்டம்

பதில்: மகன் அனுப்பிய ரவுட்டரில் தாராளமாக அழுத்துங்கள், அதனால் ஒன்றும் குடிமுழுகாது. கேபிள்காரரின் வெள்ளைப் பெட்டியில் மட்டும் ரீசெட் பக்கமே போகாதீர்கள். உங்கள் இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல், வீலேன் எண் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அவை அழிந்துவிட்டால், திண்ணை வரைக்கும் வந்துகொண்டிருந்த நெட்டும் போய்விடும். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

போனில் தெரியும் வைஃபை கோடுகள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே சிக்னல் எப்படி என்பதை மட்டும் சொல்லும். ரவுட்டருக்கு வெளியிலிருந்து நெட் வருகிறதா என்பது தனிச் சங்கதி. அந்த வெள்ளைப் பெட்டியின் பெயர் ஓஎன்டி. கண்ணாடி இழை வழியே வரும் ஒளியை வீட்டுக் கருவிகளுக்குப் புரியும் மின்சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. அதில் ‘பான்’ என்ற விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் இழை நன்றாக இருக்கிறது. ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியே எங்கோ இழை அறுந்திருக்கிறது: அணில் கடித்திருக்கும், இல்லை சோளத்தட்டு ஏற்றிய வண்டி இழுத்துவிட்டிருக்கும். அப்போது உள்ளே எந்த செட்டிங்கை மாற்றினாலும் பயனில்லை. உங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் கிடையாது. பழைய பெட்டியின் வைஃபையில் திண்ணை வரை நெட் வருகிறதே, அதுவே சாட்சி.

டயல் செய்வது எந்தப் பெட்டி என்பதையும் அதே சாட்சி சொல்கிறது. டெலிபோன் கம்பி வழியே டயல் செய்து இணைந்த காலத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் கதவு திறக்கும். பிராட்பேண்ட் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விட மனமில்லாமல், ஈதர்நெட் கம்பிமேலேயே அதே டயலை ஓட்டும் முறையை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2516 என்ற ஆவணமாக வெளியான அதன் பெயர் பிபிபிஓஇ. கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தும் இங்கே பல நிறுவனங்கள் அதை விடவில்லை. ஆகவே வீட்டில் ஏதோ ஒரு பெட்டி டயல் செய்தாக வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றுதான். எதுவும் செய்யாவிட்டால் நெட் இல்லை. இரண்டும் ஒரே பெயரில் முட்டினால் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் அனுமதி கிடைக்கும்.

உங்கள் வீட்டில் டயல் செய்வது வெள்ளைப் பெட்டிதான். அதனால் புது ரவுட்டர் டயல் செய்யவே கூடாது. மகன் அதன் செட்டிங்கில் பிபிபிஓஇ என்று தேர்ந்தெடுத்திருந்து, அது இல்லாத பயனர் பெயருக்கு அல்லாடிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி அமைந்திருக்கும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ‘ஆக்ஸஸ் பாயிண்ட்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். வெள்ளைப் பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒரு லேன் கேபிளை எடுத்து ரவுட்டரின் வேன் துளையில் செருகுங்கள். பெரும்பாலும் அது மற்ற துளைகளிலிருந்து தள்ளி, வேறு நிறத்தில் இருக்கும். இனி அது வைஃபை பரப்பும் வேலையை மட்டும் பார்க்கும். உங்களுக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு.

செட்டிங் பக்கத்துக்கான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். போனிலிருந்து திறப்பதானால் முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாகவே சிம்முக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. பாதிப் பேர் இங்கேதான் சலித்துப்போய் ரவுட்டரைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்.

கேபிள்காரர் சொன்னது பாதி உண்மை. இழை வந்து சேரும் ஓஎன்டி அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அதன் வரிசை எண் அவர்கள் கட்டுப்பாட்டறைக் கருவியில் பதிவாகியிருக்கும், வேறு பெட்டியை அது சேர்க்காது. ஆனால் அதற்குப் பின்னால் எந்த ரவுட்டரையும் மாட்டலாம். புது ரவுட்டரே டயல் செய்ய வேண்டுமென்று மகன் விரும்பினால், வெள்ளைப் பெட்டியை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், வீலேன் எண் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டும் கணக்கு உங்களுடையது, கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழைய பெட்டியின் மேக் முகவரியோடு கணக்கைக் கட்டிவைக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு, அப்படியென்றால் புதியதன் முகவரியைப் பதியச் சொல்ல வேண்டும். மாற்றிய பிறகு சில தளங்கள் திறந்து, வங்கித் தளமோ ஜிஎஸ்டி தளமோ மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் எம்டியு என்ற எண்ணை 1492 ஆக்குங்கள். ஈதர்நெட்டின் 1500 பைட்டில் 8 பைட்டைப் பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது.

இனி கொட்டகை. வீட்டு வைஃபை அங்கே எட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். கொட்டகையைச் சுற்றி நீங்கள் அடித்திருக்கும் கம்பி வலையின் கண்ணோ அதைவிட மிகச் சிறியது. கோழி வெளியே போகாமலிருக்கக் கட்டிய வலை, வைஃபையையும் நன்றாகவே மறிக்கும். மேலே தகரக் கூரை வேறு. ஆகவே வைஃபை பெட்டியோ கேமராவுக்கான இணைப்போ வலைக்கு உள்ளே இருக்க வேண்டும்.

லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஓடும் என்பது தரநிலை, 80 மீட்டர் அதற்குள் அடங்குகிறது. ஆனாலும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இடி மின்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெளியில் கிடக்கும் செம்புக் கம்பி, மின்னலின் அதிர்ச்சியை இரண்டு முனைக் கருவிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அதற்குப் பதில் ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் தொங்கவிடும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்கெனப் பெரும்பாலும் ஓர் எஃகுக் கம்பி உண்டு. அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். இழை மட்டும் உள்ளே போகட்டும். வேலை நடக்கும்போது இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க யாரையும் விடாதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கப் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்யச் சொல்லி யாராவது வருவார்கள். அதற்கு முன் வெள்ளைப் பெட்டியின் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள், அந்த வேலை பலிக்காது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பதே வழி. எப்படிப் பார்த்தாலும் கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கரண்ட் போனால் இந்தச் சங்கிலியில் ஒரு பெட்டி அணைந்தாலும் கேமரா தெரியாது. ரவுட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. வெள்ளைப் பெட்டி, ரவுட்டர், கன்வெர்ட்டர் ஒவ்வொன்றின் அடாப்டரிலும் அச்சிட்ட வோல்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். 12 வோல்ட்தான் அதிகம், ஆனால் கன்வெர்ட்டர் பெரும்பாலும் 5 வோல்ட். இரண்டையும் மாற்றிச் செருகினால் கன்வெர்ட்டர் கருகிவிடும்.