முள் போன பிறகும் ஏன் வீக்கம்?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். உங்கப்பாவின் உள்ளங்கையில் செம்பனை முள் ஏறி, அதைப் பிடுங்கி எறிந்து இரண்டு நாளாகியும் வீக்கம் வற்றவில்லை என்கிறாய். "முள்தான் போயிடுச்சே அத்தை, அப்புறம் என்ன வீக்கம்?" என்று கேட்டாய். பதிலுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவை நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போ. முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கியிருக்கலாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்றும் கேள். உனக்குப் படிவம் மூன்றில் பள்ளியிலேயே போட்டிருப்பார்கள். அவர் தோட்ட வேலைக்கு வந்த பிறகு போட்டாரோ என்னவோ.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிகோவ் என்ற விலங்கியலாளரும் ஒரு முள்ளை வைத்துத்தான் இதை ஆராய்ந்தார். நட்சத்திரமீனின் இளம்புழுவுக்கு உடம்பு முழுக்க ஒளி ஊடுருவும். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அதற்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் உயிரணுக்கள் கூட்டமாக வந்து முள்ளை மொய்த்திருந்தன. புண்பட்ட இடத்துக்கு உடல் தன் அணுக்களை அனுப்புகிறது, அவை அந்நியப் பொருளை விழுங்கப் பார்க்கின்றன என்ற கருத்து அங்கேதான் பிறந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவின் கையிலும் இதுதான் நடக்கிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து நீரைக் கசியவிடுகின்றன. அந்த வழியே வெள்ளணுக்கள் இறங்குகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதனால் வருபவை.

சரி, அந்த வெள்ளணுக்களை அழைத்தது யார்? கிருமி என்று சொல்வாய். முள்ளில் கிருமி இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். கொதிக்கும் எண்ணெய் பட்ட இடத்தில்? அங்கே தோல் மேலிருந்த கிருமிகளும் பெரும்பாலும் வெந்து போயிருக்கும். இருந்தும் சில நிமிடங்களில் சிவந்து, பிறகு கொப்புளிக்கிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உடைந்த நம் சொந்த அணுக்களே அழைக்கின்றன. கிருமியைவிட சேதத்தைத்தான் உடல் முதலில் கவனிக்கிறது என்று பாலி மாட்ஸிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-இல் வாதாடினார். பலர் ஏற்க மறுத்தார்கள். ஆனால் சான்றுகள் சேர்ந்துகொண்டே வந்தன. நம் உயிரணுக்களுக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணி இருக்கிறதல்லவா, மைட்டோகாண்ட்ரியா? நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது அது. அதன் மரபணுவிலும் சில புரதத் துண்டுகளிலும் இன்றும் அந்தச் சாயல் போகவில்லை. அணு முழுசாக இருக்கும்வரை அவை உள்ளேயே அடங்கிக் கிடக்கும். நசுங்கியோ வெந்தோ அணு உடைந்தால் இரத்தத்தில் கலந்துவிடும். வெள்ளணுக்களோ கிருமி நுழைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். விபத்தில் பலத்த அடிபட்டவர்களின் இரத்தத்தில் இந்த இழைமணி மரபணு மிகுந்திருப்பதை 2010-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிருமித் தொற்றே இல்லாத நோயாளிக்கும் காய்ச்சலும் படபடப்பும் வருவது அதனால் விளங்கியது.

சிறு புண்ணில் இதெல்லாம் நன்மைக்குத்தான். காயம் பெரிதானால் நிலைமை மாறிவிடும். விரல்களோடு சேர்ந்த உன் உள்ளங்கை உன் உடல் மேற்பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு. பெரியவர்களுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வெந்துவிட்டால், வேகாத இடங்களிலும் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் தளரும். முதல் 24 மணி நேரம் டிரிப்பில் அத்தனை நீர் ஏற்றுவது அதற்காகத்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. கடுமையாக அடிபட்டவர்கள், வெந்தவர்களின் வெள்ளணுக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலான மரபணுக்களின் இயக்கம் மாறிவிடுகிறது என்று 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அழற்சியைத் தூண்டும் பகுதி ஓங்கும் அதே நேரத்தில், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு அழிக்கும் டி-அணுக்களின் பகுதி தளர்ந்துவிடுகிறது. காவலாக இருந்த தோலும் இல்லை. தாதியாக வேலை பார்த்த காலத்தில், தீப்புண் நோயாளிக்குச் சில நாள் கழித்து வரும் காய்ச்சலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். கைகழுவாமல் கட்டிலைத் தொட வருபவர்களிடம் கடிந்து பேசியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

"என் தோலை எடுத்துப் பிள்ளைக்கு வையுங்கள்" என்று கெஞ்சும் தாய்மார்கள் உண்டு. 1943-இல் கிளாஸ்கோ மருத்துவமனையில், தீப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள் தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடவாரும். முதல் முறை ஒட்டியது சில வாரங்களில் அழிந்தது. இரண்டாம் முறை ஒட்டியது இன்னும் வேகமாக அழிந்தது. அந்நியத் தோலை உடல் நினைவில் வைத்திருக்கிறது என்று அந்த வேகம்தான் காட்டிக்கொடுத்தது. உறுப்பு மாற்று மருத்துவத்துக்கே அடிப்படையாக அமைந்த கண்டுபிடிப்பு அது. இன்றும் பிறர் தோல் தற்காலிக மூடுதிரையாகத்தான் உதவும். நிலையாக ஒட்ட நோயாளியின் சொந்தத் தோல் வேண்டும்.

இப்போது, யாருக்காவது தீப்புண் பட்டால் நீ செய்யக்கூடியது. பர்மிங்காம் மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953-இல் தீப்புண்ணை மூன்று வளையமாகப் பிரித்தார். நடுவில் இருப்பது செத்துவிட்டது. வெளிவளையம் தானே ஆறும். இடைப்பட்ட வளையத்தில் இரத்த ஓட்டம் தேங்கி நிற்கும். அது ஓரிரு நாளில் பிழைக்கவும் செய்யும், சாகவும் செய்யும். அதைக் காப்பாற்ற உன்னால் முடியும். வெந்த இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டு. ஐஸ் வேண்டாம். உடனே முடியாவிட்டாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வீங்குவதற்கு முன் மோதிரம், வளையலைக் கழற்று. கொப்புளத்தை உடைக்காதே. பற்பசை, கிச்சாப், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் பூச விடாதே. அவை சூட்டை இறக்காது, கிருமிக்குத்தான் இடம் கொடுக்கும்.

நெருப்பைப் போல அமிலமும் தோலைப் புண்ணாக்கும். உங்கள் ஊரான புக்கிட் லிந்தாங்கில்தான் 1890களில் டான் சே யான் என்பவர் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். இன்றும் ரப்பர் பால் வெட்டுபவர்களிடம் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் இருக்கும். அது பட்டால் இன்னும் அதிக நேரம் கழுவ வேண்டும். கழுவி முடியும்வரை அது தோலை அரித்துக்கொண்டே இருக்கும்.

தீபாவளிக்கு முறுக்குச் சட்டி அடுப்பில் ஏறும். தம்பிகள் மத்தாப்புப் பிடிப்பார்கள். பாட்டி பற்பசையோடு ஓடிவந்தால் சண்டை போடாதே, குழாயைத் திறந்து நேரத்தைப் பார்க்கச் சொல். முகம், கை, மூட்டு வெந்தாலோ, உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ சுத்தமான துணியால் மூடி, ஜாசின் மருத்துவமனைக்கோ மலாக்கா மருத்துவமனைக்கோ கொண்டு போ. வண்டி இல்லையென்றால் 999-ஐ அழை.

அன்புடன்,
அத்தை