மொட்டைக் கோபுரம் தந்த கண்

ஸ்ரீரங்கத்தில் பிறந்து, ஜெர்மனியின் ஆஹன் நகரில் பொறியியல் மேல்படிப்புப் படிக்கும் ஒரு மாணவர் முதல் விடுமுறையில் கொலோன் பேராலயத்தைப் பார்க்கப் போனார். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே நிற்கிறது. 157 மீட்டர் உயரம், இரட்டைக் கோபுரம். படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிட்டார். மனத்தில் ஒன்றும் தங்கவில்லை.

அடுத்த முறை போகுமுன் அதன் கதையைப் படித்தார். 1248இல் தொடங்கிய வேலை 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோயிருக்கிறது. பாதி எழும்பிய தெற்குக் கோபுரத்தின் தலையில் பாரம் தூக்கும் மரப்பொறி ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே இருந்திருக்கிறது. 1842இல் மறுபடி தொடங்கி, 1880இல்தான் முடித்தார்கள். அன்றிரவே வீட்டுக்குப் போன் போட்டார்.

"தாத்தா, இங்கேயும் ஒரு மொட்டைக் கோபுரம் இருந்திருக்கு!"

ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரமும் நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று, 1987இல்தான் 236 அடிக்கு உயர்ந்தது. அந்த வேலை நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் தாத்தா.

அதற்குப் பிறகு அவர் தேவாலயம் பார்க்கும் விதமே மாறியது. உள்ளே நுழையுமுன் வெளியே ஒரு சுற்று வருகிறார். பிரகாரம் சுற்றிய கால்களுக்கு அது புதிதல்ல. அப்படிச் சுற்றினால்தான் சுவருக்கு வெளியே முட்டுக்கொடுத்து நிற்கும் கல் வளைவுகள் கண்ணில் படும். கூரையின் தள்ளுவிசையை அவை வாங்கிக்கொள்வதால்தான் சுவரைத் திறந்து அவ்வளவு கண்ணாடி வைக்க முடிந்தது. கண்ணாடிக்கு நேரமும் முக்கியம். கொலோனில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007இல் 72 நிறங்களில் அமைத்த சாளரம் தெற்குப் பக்கம் இருக்கிறது. வெயிலுள்ள நண்பகலில் போக வேண்டும். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், விசாரித்துக்கொண்டு போவது நல்லது. கேமராவைப் பையில் வைத்துவிட்டு ஒரே ஒரு வளைவைப் பென்சிலால் வரைந்தால், நூறு படங்கள் காட்டாதது தெரியும்.

ஊருக்கு வந்தபோது, பள்ளி நாளெல்லாம் பஸ்ஸிலிருந்து மட்டுமே பார்த்த திருச்சித் தெப்பக்குளத்து லூர்து அன்னை ஆலயத்துக்குள் முதன்முறையாகப் போனார். 1890களில் இயேசு சபையினர் பிரான்ஸின் லூர்து ஆலயத்தை மனத்தில் வைத்து எழுப்பியது. கொலோனில் கண்ட கூர்முனை வளைவும் வண்ணக் கண்ணாடியும் இங்கேயும் இருந்தன.

ஆனால் அவரை அதிக நேரம் நிறுத்தியது புனித யோவான் ஆலயம். 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் இறந்த பிஷப் ஹீபரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பிஷப் ஹீபர் கல்லூரிக்கு அவர் பெயர்தான். பக்கச் சுவரில் சாய்ந்த பலகைகள் அடுக்கிய கதவுகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் ஆலயமே காற்றோட்டமான மண்டபம் ஆகிவிடும். குளிர்நாட்டுக் கட்டடம் திருச்சி வெயிலுக்குப் பணிந்த இடம் அது. கட்டடக்கலையில் கொலோனின் உயரத்தைவிட இந்தக் கதவுகளே பெரிய பாடம்.

வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருக்கும் திருச்சிப் பிள்ளைகளே, ஒரு காலைப் பொழுதைத் தெப்பக்குளத்துக்கு ஒதுக்குங்கள். லூர்து அன்னை ஆலயமும், 1766இல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் கட்டிய கிறிஸ்து ஆலயமும் அங்கே நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன.